எலாஸ்டிக்சர்ச் ஏறவே மாட்டேங்குதா? எந்த எரருக்கு எங்க பாக்கணும்

எலாஸ்டிக்சர்ச்ங்கறது நெறைய டெக்ஸ்ட்ல வேகமா தேடித் தர்ற ஒரு சர்வர் ப்ரோகிராம். உபுண்டுல அத போடறது பேருக்கு நாலு கமாண்டு தான், ஆனா அந்த நாலுக்கும் நடுவுல நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தது ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. என்கிட்ட பழைய தமிழ் டெக்ஸ்ட் ஃபைலும் பிடிஎஃபும் கொஞ்சம் நிறையவே சேந்து போச்சு, அதுல தேடறதுக்குன்னு ஆரம்பிச்சது தான் இது, அப்புறம் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா வாட்ஸப்ல ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "இது என்னண்ணே"ன்னு கேக்க ஆரம்பிச்சதால இப்ப வரிசையா எழுதி வெச்சுடறேன். கமாண்டு, எரர் எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதறேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. நான் சொல்றது 8ஆவது வெர்ஷன வெச்சு, அதுவும் டெப் பேக்கேஜா ஆப்ட் (உபுண்டுல ப்ரோகிராம் போடற டூல்) வழியா போட்டது. டாக்கர்ல (ப்ரோகிராம கன்டெய்னர்னு ஒரு தனி டப்பாக்குள்ள ஓட்டற முறை) மாறுற இடத்த அங்கங்க சொல்றேன்.

எதுக்கும் முன்னாடி ஒண்ணு. சிஸ்டம்சிடிஎல் (சர்வீஸ ஓட்ட, நிறுத்த உதவற கமாண்டு) ஸ்டார்ட் குடுத்து சிவப்புல "ஃபெயில்டு"ன்னு வந்தா அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பாதீங்க, அதுல ஒரு விஷயமும் இல்ல. வார் ஃபோல்டர், அதுக்குள்ள லாக், அதுக்குள்ள எலாஸ்டிக்சர்ச், அங்க எலாஸ்டிக்சர்ச் டாட் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், சுடோ (அட்மின் உரிமையோட ஓட்டறது) போட்டு அத தொறங்க. ஜாவா எரர் ஒரு பக்கத்துக்கு ஓடும், பயப்பட வேணாம், "காஸ்டு பை"ன்னு ஆரம்பிக்கிற வரிய மட்டும் தேடுங்க, பல இருந்தா கடைசியா இருக்கிறது தான் பெரும்பாலும் நிஜக் காரணம். அந்த ஃபைலே காலியா இருந்தா ப்ரோகிராம் லாக் எழுதற அளவுக்குக் கூட எழுந்திருக்கல, அப்ப ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ எலாஸ்டிக்சர்ச்னு அடிச்சு பாருங்க. என் அனுபவத்துல எலாஸ்டிக்சர்ச் மேல தப்பு இருந்தது ரொம்ப கம்மி, அது உக்காந்திருக்கிற மெஷின் மேல தான் தப்பு, ரேம், டிஸ்க், பர்மிஷன், வெர்ஷன் இந்த நாலுல ஒண்ணு.

ஆப்ட் அப்டேட்லயே நின்னுடுது, "நோ பப்கீ"னு வருது

ரெபாசிட்டரி சேத்தீங்க, ஆனா அதோட சாவி சேரல. பழைய கட்டுரைகள்ல ஆப்ட்-கீ ஆட்னு இருக்கும், அந்த முறை இப்ப வழக்கொழிஞ்சு போச்சு. கீ ஃபைல டவுன்லோட் பண்ணி ஜிபிஜி டீஆர்மர் பண்ணி யூஎஸ்ஆர் ஷேர் கீரிங்ஸ் ஃபோல்டர்ல வெச்சு, ரெபாசிட்டரி வரில சைன்ட்-பை போட்டு அந்த ஃபைலோட முழுப் பாதைய குடுக்கணும். குடுத்தும் வரலன்னா பாதைல ஒரு எழுத்து தப்பா இருக்கும், நான் கீரிங்ஸ்ல கடைசி எஸ் விட்டுட்டு அரை மணி நேரம் தேடினேன்.

"அனேபிள் டு லொக்கேட் பேக்கேஜ்"னு வந்தா யூநேம் மைனஸ் எம் அடிச்சு பாருங்க. ராஸ்பெர்ரி பைல 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தா எலாஸ்டிக்சர்ச் ஏறாது, 64 பிட் வேணும். டாக்கர்ல லேட்டஸ்ட் டேக் போட்டு இழுத்தா "மேனிஃபெஸ்ட் அன்னோன்"னு சொல்லும், லேட்டஸ்ட்னு ஒரு டேக்கே அவங்க வெக்கல, வெர்ஷன் நம்பர முழுசா எழுதுங்க.

ஜாவா தனியா போடணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. வேணாம். 2019ல வந்த 7ஆவது வெர்ஷன்லேந்து ஜாவாவ அதுவே கூட்டிட்டு வந்துடுது. டவுன்லோட் அவ்ளோ பெருசா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஏற்கனவே வேற எதுக்கோ பழைய ஜாவா போட்டு ஈஎஸ் ஜாவா ஹோம்னு வேரியபிள் செட் பண்ணி வெச்சிருந்தா தான் சிக்கல், அப்ப அது அந்தப் பழசையே பிடிச்சுக்கும், வேரியபிள எடுத்துட்டா சரியாயிடும்.

ஸ்டார்ட் ஆகுது, பத்து இருபது செகண்ட்ல செத்துப் போகுது, லாக்ல ஒண்ணும் இல்ல

இது தான் அதிகம் வர்றது. லாக்ல ஒரு குறையும் சொல்லாம பாதில அறுந்து நிக்குதுன்னா அது தானா சாகல, கொன்னிருக்காங்க. சுடோ டிமெசேஜ் (எழுத்து டி எம் இ எஸ் ஜி, கெர்னலோட லாக்) அடிச்சு "அவுட் ஆஃப் மெமரி"னு தேடுங்க, "கில்டு ப்ராசஸ்", பக்கத்துல ஜாவான்னு இருக்கும். டாக்கர்னா எக்ஸிட் கோட் 137னு காட்டும், 128ஓட 9 சேந்தது, 9ங்கறது கில் சிக்னல்.

என் கதை இது தான். மாசம் சொற்பக் காசுக்கு ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்தேன், 1 ஜிபி ரேம், அதுல இத போட்டா எழுந்திருக்கும், மூச்சு விடும், போயிடும். நான் என்னமோ கான்ஃபிக் தப்புன்னு நெனச்சு மூணு தடவ அழிச்சு அழிச்சு போட்டேன், ஒவ்வொரு தடவையும் அத்தன எம்பி டவுன்லோட் வேற. கடைசில டிமெசேஜ் பாத்தா வரிசையா நாலு பொணம்.

விஷயம் என்னன்னா, நீங்க ஒண்ணும் சொல்லலன்னா அது மெஷின்ல இருக்கிற ரேம்ல பாதி அளவு வரைக்கும் ஹீப்புக்குன்னு (ஜாவா தன் டேட்டாவ வெச்சுக்கற மெமரி) தானா எடுத்துக்கும், அதுக்கு வெளியயும் ஜாவாவுக்கு தனியா மெமரி வேணும், மிச்சத்துல ஓஎஸ், டேட்டாபேஸ், வெப் சர்வர் எல்லாம் இருக்கணும். 2 ஜிபி மெஷின்ல சொந்த உபயோகத்துக்குன்னா ஹீப்ப 512 எம்பிக்கு இறக்குங்க, தாராளமா ஓடும். ஈடிசி எலாஸ்டிக்சர்ச் ஃபோல்டர்ல ஜேவிஎம் டாட் ஆப்ஷன்ஸ்னு ஃபைல் இருக்கும், அதுல கை வெக்காதீங்க, பக்கத்துல அதே பேர்ல கடைசில டாட் டி போட்டு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள புது ஃபைல் போட்டு ரெண்டு வரி, மைனஸ் எக்ஸ்எம்எஸ் 512எம், மைனஸ் எக்ஸ்எம்எக்ஸ் 512எம். ரெண்டும் ஒரே அளவு இருக்கணும். அப்புறம் அந்த ஃபைல் பேர் டாட் ஆப்ஷன்ஸ்னு தான் முடியணும், வேற எப்படி முடிஞ்சாலும் அத படிக்கவே படிக்காது, எரரும் சொல்லாது. டாட் டிஎக்ஸ்டினு சேவ் பண்ணிட்டு "குறைச்சும் சாகுதே"ன்னு என்கிட்ட ரெண்டு பேரு வந்தாங்க.

1 ஜிபி மெஷின்னா என் யோசனை, விட்டுடுங்க. ஸ்வாப் (டிஸ்க்க ரேம் மாதிரி உபயோகிக்கறது) போட்டு ஓட்டலாம், ஓடும், ஆனா ஒரு தேடலுக்கு காபி போட்டு குடிச்சுட்டு வரலாம். சில ஆயிரம் ஃபைல் தான்னா எஸ்க்யூலைட்ல (ஒரே ஃபைல்ல இருக்கிற டேட்டாபேஸ்) எஃப்டிஎஸ்5னு தேடற வசதி இருக்கு, அதுவே போதும், சர்வரே வேணாம்.

கொல்லல, ஆனா "டைம்ட் அவுட்"னு சிஸ்டம்டி நிறுத்தியிருந்தா அது வேற. பழைய பேக்கேஜ்ல 75 செகண்ட்ல எழுந்திருக்கலன்னா தூக்கிடற மாதிரி வெச்சிருப்பாங்க, பழைய ஹார்ட் டிஸ்க் மெஷின்ல அது பத்தாது. சிஸ்டம்சிடிஎல் எடிட் எலாஸ்டிக்சர்ச் குடுத்து சர்வீஸ் பகுதில டைமவுட்ஸ்டார்ட்செக் 300னு போடுங்க.

"மேக்ஸ் வர்ச்சுவல் மெமரி ஏரியாஸ் ... 65530 இஸ் டூ லோ"

இது பேர பாத்து ரேம் பிரச்சனைன்னு நெனச்சுடாதீங்க. ஒரு ப்ராசஸ் எத்தன ஃபைல் துண்டுகள மெமரில மேப் பண்ணலாம்னு கெர்னல் ஒரு எல்லை வெச்சிருக்கு, பழைய டீஃபால்ட் 65530, இதுக்கு குறைஞ்சது 262144 வேணும். டெப் பேக்கேஜ் தானா ஏத்திடும், உபுண்டு 24.04ல ஆரம்பத்துலயே எல்லை பெருசா தான் இருக்கு, அதனால இது பெரும்பாலும் டாக்கர்ல இல்ல டார் ஃபைல பிரிச்சு ஓட்டறவங்களுக்கு தான் வரும். சுடோ சிஸ்சிடிஎல் மைனஸ் டபிள்யூ போட்டு விஎம் டாட் மேக்ஸ் மேப் கவுண்ட் ஈக்வல் டு 262144. டாக்கர்னா கன்டெய்னருக்குள்ள இல்ல, வெளில ஹோஸ்ட் மெஷின்ல அடிக்கணும், விண்டோஸ்ல டாக்கர் டெஸ்க்டாப்னா அந்த டபிள்யூஎஸ்எல்-க்குள்ள. அப்படியே விட்டா ரீபூட்ல போயிடும், ஈடிசி சிஸ்சிடிஎல் டாட் டி ஃபோல்டர்ல ஒரு கான்ஃப் ஃபைல்ல அதே வரிய எழுதி வெச்சுடுங்க, இல்லன்னா மூணு மாசம் கழிச்சு கரண்ட் போய் வந்தன்னிக்கு நீங்களே மறந்திருப்பீங்க.

கான்ஃபிக்ல ஒரு வரி மாத்தினேன், அதுக்கப்புறம் வரல

யாமல், அதாவது அந்த கான்ஃபிக் ஃபைல எழுதற முறை தான் காரணம். "ஃபவுண்ட் கேரக்டர் டேப்"னு லாக்ல இருந்தா டேப் அடிச்சிருக்கீங்க, ஸ்பேஸா மாத்துங்க. கோலனுக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விடணும். ஒரே செட்டிங்க ரெண்டு எடத்துல எழுதினாலும் நிக்கும், 8ல இன்ஸ்டால் பண்ணும்போதே அது ஃபைலோட அடில செக்யூரிட்டி வரிகள தானா எழுதி வெச்சிருக்கும், நீங்க நெட்ல பாத்து மேல அதையே திரும்ப ஒட்டுவீங்க, "டூப்ளிகேட் ஃபீல்டு"னு சொல்லும்.

"ஆக்சஸ் டினைடு", இல்லன்னா "ஃபெயில்டு டு அப்டெய்ன் நோட் லாக்ஸ்"

யாரோ ஒரு தடவ ரூட்டா ஓட்டிப் பாத்திருக்காங்க, அந்த யாரோ பெரும்பாலும் நீங்க தான். ரூட்டா ஓட்டினா அது மாட்டேன்னு தான் சொல்லும், ஆனா சுடோ போட்டு எதையாவது காப்பி பண்ணியிருந்தா, அழிச்சு திரும்ப உருவாக்கியிருந்தா, டேட்டா ஃபோல்டர்ல ரூட் பேர்ல ஃபைல் நிக்கும், எலாஸ்டிக்சர்ச் யூசரால அத தொட முடியாது. வார் லிப் எலாஸ்டிக்சர்ச், வார் லாக் எலாஸ்டிக்சர்ச் ரெண்டையும் சிஎச்-ஓன் (எழுத்து சி எச் ஓ டபிள்யூ என்) மைனஸ் பெரிய ஆர் போட்டு எலாஸ்டிக்சர்ச் யூசருக்கும் க்ரூப்புக்கும் குடுத்துடுங்க. ஈடிசி ஃபோல்டர அப்படி மொத்தமா மாத்தாதீங்க, அங்க ஓனர் ரூட், க்ரூப் மட்டும் தான் எலாஸ்டிக்சர்ச், அது அப்படியே இருக்கட்டும். டாக்கர்ல ஹோஸ்ட் ஃபோல்டர மவுன்ட் பண்ணியிருந்தா உள்ள ஓடற யூசர் நம்பர் 1000, அந்த நம்பருக்கு எழுதற உரிமை வேணும். நோட் லாக் எரர் இன்னொரு காரணத்துக்கும் வரும், பழைய ப்ராசஸ் இன்னும் சாகாம ஓடிட்டிருக்கும், பிஎஸ் கமாண்டுல பாத்து நிறுத்துங்க, லாக் ஃபைல கையால அழிக்க வேணாம்.

பச்சையா "ஆக்டிவ், ரன்னிங்"னு காட்டுது, ஆனா கர்ல் (டெர்மினல்லேந்து சர்வர்கிட்ட கேக்கற கமாண்டு) அடிச்சா "எம்ப்டி ரிப்ளை"

2022ல 8 வந்ததுலேந்து நெட்ல இருக்கிற பழைய கட்டுரைங்க பாதி இந்த எடத்துல தான் காலை வாருது. முன்னாடி எல்லாம் லோக்கல்ஹோஸ்ட் 9200னு எச்டிடிபில தட்டினா உடனே ஜேசன் வந்து நிக்கும், இப்ப செக்யூரிட்டி ஆரம்பத்துலயே ஆன், எச்டிடிபிஎஸ் தான் பேசும். சாதா எச்டிடிபில போனா பதிலே சொல்லாம கதவ சாத்திடும், அது தான் 52 எம்ப்டி ரிப்ளை. லாக்ல பாத்தா "ப்ளெயின்டெக்ஸ்ட் எச்டிடிபி டிராஃபிக்"னு எழுதியிருக்கும்.

சரின்னு எஸ் சேத்து எச்டிடிபிஎஸ் போட்டா அடுத்து எரர் 60 வரும், சர்டிஃபிகேட் செல்ஃப் சைன்டு, நம்ப மாட்டேன்னு கர்ல் சொல்லுது. மைனஸ் கே போட்டு தாண்டறது பழக்கம், சொந்த மெஷின்ல சும்மா ஒரு தடவ பாக்க பரவால்ல, ஆனா அதையே ஸ்கிரிப்ட்ல எழுதி வெச்சுடாதீங்க. ஈடிசி எலாஸ்டிக்சர்ச் சர்ட்ஸ் ஃபோல்டர்ல எச்டிடிபி சிஏ டாட் சிஆர்டி இருக்கு, கர்லுக்கு மைனஸ் மைனஸ் சிஏசர்ட்னு அத குடுங்க. குடுத்தா இப்ப எரர் 77ன்னு வரும். ஃபைல் இருக்கு, உங்க யூசருக்கு அந்த ஃபோல்டர படிக்க உரிமை இல்ல, அவ்ளோ தான். சுடோ போட்டு கர்ல் அடிங்க, இல்ல அந்த ஒரு ஃபைல மட்டும் உங்க ஹோம் ஃபோல்டருக்கு காப்பி பண்ணிக்கோங்க, அது சாவி இல்ல, சர்டிஃபிகேட் தான், காப்பி பண்ணலாம்.

இப்ப 401, "மிஸ்ஸிங் ஆதென்டிகேஷன்". வந்தாச்சுன்னு சந்தோஷப்படுங்க, கதவு தொறந்திருக்கு, பேரு தான் கேக்குது. யூசர் பேர் எலாஸ்டிக், பாஸ்வேர்டு இன்ஸ்டால் ஆகும்போது டெர்மினல்ல ஒரே ஒரு தடவ ஓடிப் போச்சு, யாரும் அத பாத்ததில்ல. யூஎஸ்ஆர் ஷேர் எலாஸ்டிக்சர்ச் பின் ஃபோல்டர்ல எலாஸ்டிக்சர்ச் ரீசெட் பாஸ்வேர்டுன்னு டூல் இருக்கு, சுடோ போட்டு மைனஸ் யூ எலாஸ்டிக் குடுங்க, புதுசு தரும், நீங்களே வெக்கணும்னா மைனஸ் ஐ சேருங்க. சர்வீஸ் ஓடிட்டிருக்கும்போது தான் இது வேலை செய்யும். 52, 60, 77, 401, இந்த வரிசைல எரர் மாறிட்டே வந்தா ஒவ்வொரு படியா மேல போறீங்கன்னு அர்த்தம், பதறி ஆரம்பத்துலேந்து போட்டுடாதீங்க. எரிச்சல்ல செக்யூரிட்டிய ஃபால்ஸ்னு போட்டு மூடிடறவங்களும் இருக்காங்க. லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் ஓடினா உங்க இஷ்டம்.

ஆனா அப்படி மூடிட்டு அடுத்த வாரமே "வேற கம்ப்யூட்டர்லேந்து கனெக்ட் ஆகல"ன்னு நெட்வொர்க் ஹோஸ்ட 0.0.0.0ன்னு மாத்துவாங்க பாருங்க, அது தான் வேணாம்கறேன். 2020 ஜூலைல இப்படி பாஸ்வேர்டு இல்லாம தொறந்து கெடந்த எலாஸ்டிக்சர்ச், மாங்கோடிபி எல்லாத்தையும் ஒரு பாட் தேடித் தேடி அழிச்சுட்டு, இருந்த எடத்துல "மியாவ்"னு எழுதி வெச்சுட்டு போச்சு. காசும் கேக்கல ஒண்ணும் கேக்கல. வெளிலேந்து வேணும்னா எஸ்எஸ்எச் டனல் (பூட்டின தனிப் பாதை) போடுங்க. ஹோஸ்ட மாத்தினதும் ஸ்டார்ட்டே ஆகாம "டிஸ்கவரி செட்டிங்ஸ் அன்சூட்டபிள்"னு நின்னா, அது இப்ப தன்ன ப்ரொடக்ஷன்னு நெனச்சுக்குது, ஒரே மெஷின் தான்னா டிஸ்கவரி டைப் சிங்கிள்-நோட்னு ஒரு வரி போட்டு, இனிஷியல் மாஸ்டர் நோட்ஸ் வரி இருந்தா எடுத்துடுங்க, ரெண்டும் சேந்து இருந்தா ஒத்துக்காது.

பைத்தான்லேந்து பேச மாட்டேங்குது

பிப் இன்ஸ்டால் குடுத்ததும் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு"ன்னு திட்டினா வென்வ் (பைத்தான் பேக்கேஜுக்குன்னு ஒரு தனி ஃபோல்டர்) உருவாக்கி அதுக்குள்ள போடுங்க, பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு ஒரு ஆப்ஷன் காட்டும், பேர்லயே சொல்லிட்டான் என்ன ஆகும்னு. அப்புறம் 400 எரரோட "அக்செப்ட் வெர்ஷன் 8 ஆர் 7, பட் ஃபவுண்ட் 9"னு வந்தா, சர்வர் 8, பிப் உங்களுக்கு புது 9ஆவது க்ளையன்ட கொண்டு வந்து வெச்சிருக்கு. எலாஸ்டிக்சர்ச், லெஸ் தேன் 9னு எழுதி திரும்ப போடுங்க. "சர்வர் இஸ் நாட் எலாஸ்டிக்சர்ச்"னு வந்தா அந்தப் பக்கம் ஓடறது ஓப்பன்சர்ச், 2021ல லைசென்ஸ் தகராறுல அமேசான் பிரிச்சு கொண்டு போனது, அதுக்கு தனி க்ளையன்ட் இருக்கு.

அப்டேட் பண்ணேன், நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு இல்ல

ஆப்ட் அப்கிரேட் பொதுவா அடிச்சிருப்பீங்க, இதுவும் சேந்து ஏறியிருக்கும். "ப்ளகின் வாஸ் பில்ட் ஃபார் வெர்ஷன்"னு லாக்ல இருந்தா ப்ளகின் பழைய வெர்ஷன்ல நிக்குது, கடைசிப் புள்ளி நம்பர் வரைக்கும் ஒண்ணா இருக்கணும் அதுக்கு. ப்ளகின் டூல்ல ரிமூவ், திரும்ப இன்ஸ்டால், ரீஸ்டார்ட். சர்வர கீழ இறக்கி சமாளிக்கலாம்னு பாக்காதீங்க, டேட்டாவ ஒரு தடவ புது வெர்ஷன் தொட்டா "கேனாட் டவுன்கிரேட்"னு பழசு அத வாங்காது. ஆப்ட்-மார்க் ஹோல்டு எலாஸ்டிக்சர்ச்னு ஒரு தடவ அடிச்சு வெச்சா கேக்காம ஏறாது.

மஞ்சள்னு காட்டுது / எழுத விடமாட்டேங்குது

மஞ்சள் ஒண்ணும் இல்ல, காப்பி ஒண்ணு வெக்க இன்னொரு மெஷின் தேடுது, உங்ககிட்ட ஒண்ணு தான் இருக்கு, நம்பர் ஆஃப் ரெப்ளிகாஸ் 0ன்னு போட்டா பச்சை.

எழுதும்போது "ரீட் ஒன்லி, அலவ் டெலீட்"னு மறுத்தா டிஸ்க் 95 சதவீதம் தாண்டிடுச்சு. இங்க ஒரு கூத்து, உள்ள இருக்கிற டாக்குமென்ட கொஞ்சம் அழிச்சா எடம் வரும்னு நெனப்பீங்க, இந்தப் பூட்டு இருக்கும்போது டாக்குமென்ட அழிக்கவே விடாது, விட்டாலும் அழிஞ்சதுன்னு குறி மட்டும் தான் வெச்சுக்கும், உள்ள இருக்கிற துண்டுகள் மெர்ஜ் ஆகும்போது தான் எடம் திரும்பும். வேண்டாத இன்டெக்ஸ (டாக்குமென்ட் எல்லாம் சேந்த தொகுப்பு) முழுசா தூக்குங்க, இல்லன்னா ஆப்ட் க்ளீன், ஜர்னல்சிடிஎல் வேக்யூம், பழைய டாக்கர் இமேஜ் இதுல தேடுங்க. 90க்கு கீழ வந்ததும் பூட்டு தானா தொறந்துக்கும்.

எல்லாம் ஓடுது, ஆனா கண்ணு முன்னாடி இருக்கிற தமிழ் சொல் தேடினா வரல

இது இன்ஸ்டால் பிரச்சனையான்னு கேக்கலாம், ஒரு ப்ளகின் போடாததால வர்றது தான், அதனால இங்கயே சொல்லிடறேன். "மரம்"னு தேடினா வருது, "கொடி"ன்னு தேடினா சில ஃபைல் வருது, சில ஃபைல் வரல, தொறந்து பாத்தா அதுலயும் கொடி கொடியா இருக்கு. என்ன விஷயம்னா கொ-வ ரெண்டு விதமா எழுதலாம். கீபோர்டு ஒழுங்கா இருந்தா க-வுக்கு அப்புறம் ஒகரக் குறி ஒண்ணு. பழைய ஃபான்ட்லேந்து மாத்தின டெக்ஸ்ட்லயும் பிடிஎஃப்லேந்து உருவினதுலயும் க, எகரக் கொம்பு, தனியா ஒரு துணைக்கால், ஆக ரெண்டு குறி. ஸ்கிரீன்ல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு, மெஷினுக்கு ரெண்டும் வேற சொல். பைத்தான்ல லென் போட்டு பாருங்க, ஒரு கொடிக்கு 4 வரும், இன்னொரு கொடிக்கு 5. எனக்கு அந்த 5 வந்தப்ப தான் ஒரு வாரத் தலைவலி விட்டுச்சு.

எலாஸ்டிக்சர்ச்ல இந்தி, வங்காளத்துக்கு எல்லாம் ரெடிமேட் அனலைசர் (டெக்ஸ்ட சொல் சொல்லா பிரிச்சு தேடலுக்கு தயார் பண்றது) இருக்கு, தமிழுக்கு அந்த லிஸ்ட்ல இல்ல, ஸ்டாண்டர்டு அனலைசர் சொற்கள ஒழுங்கா தான் பிரிக்கும், ஆனா இந்த ரெண்ட ஒண்ணாக்காது. அனாலிசிஸ்-ஐசியு ப்ளகின போட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டு, இன்டெக்ஸ் செட்டிங்ல ஐசியு நார்மலைசர கேர் ஃபில்டரா (சொல்லா பிரிக்கறதுக்கு முன்னாடி எழுத்த மாத்தறது) சேருங்க, ஓகார கோ-வும் அதோட சரியாயிடும்.

ஔகாரத்துக்கு மட்டும் இது பத்தாது, ஏன்னா நம்ம ஆளுங்க கௌரவம்னு அடிக்க சோம்பேறித்தனப்பட்டு கெளரவம்னு ள எழுத்தப் போட்டு அடிச்சிருப்பாங்க, அது நிஜமாவே வேற எழுத்து, நார்மலைசர் தொடாது. மேப்பிங் ஃபில்டர்ல கொம்பும் ள-வும் வந்தா ஔகாரம்னு மொத்தமா மாத்திடலாம்னு எனக்கும் தோணுச்சு, மாத்தினேன், கெளுத்தி மீன் இருந்த கட்டுரை எல்லாம் காணாம போச்சு. அதனால கெளரவம், கெளதமன், பெளர்ணமி, மெளனம்னு சொல் சொல்லா ஒரு லிஸ்ட் போட்டு அத மட்டும் மாத்துங்க, என்கிட்ட நாப்பது சொல்லுக்குள்ளயே முடிஞ்சுது.

இருக்கிற இன்டெக்ஸ்ல ஒரு ஃபீல்டோட அனலைசர மாத்த விடாது, புதுசா ஒரு இன்டெக்ஸ் உருவாக்கி ரீஇன்டெக்ஸ் பண்ணணும். முடிஞ்சதும் ரெண்டுலயும் கவுண்ட் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு, 5 எழுத்து கொடிய காப்பி பண்ணி தேடுங்க, 4 எழுத்து கொடியையும் தேடுங்க, ரெண்டுக்கும் ஒரே எண்ணிக்கை வந்தா பழைய இன்டெக்ஸ அழிச்சுடலாம்.